மூடியிருப்பது நல்ல கண்

போன மாதம் ஜொகூர் பாரு பக்கம், தெப்ராவில் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்த அம்மா, என் மடியில் இருந்த மகளைப் பார்த்ததும் கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு நின்றுவிட்டார்.

“அலமாக், என்னா பிள்ள கண்ணுல பிளாஸ்டரு? யாராச்சும் குத்திட்டாங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் முந்திக்கொண்டார். “குத்துறதா? ஹேன்போன் காட்டியிருப்பாங்கக்கா. இப்ப உள்ள தாய்மாருங்களுக்குச் சோறு ஊட்டவும் ஹேன்போன்தான், தூங்க வைக்கவும் ஹேன்போன்தான்.”

“இல்லைங்க. குறை மாசத்துல பொறந்தவ,” என்றேன்.

“குறை மாசத்துக்கும் கண்ணுக்கும் என்னாங்க சம்பந்தம்?”

நல்ல கேள்விதான். ஆனால் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த பந்திக்காரர்கள் என் நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் நின்றார்கள். “அது பெரிய கதைங்க” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன். கோயில், கிளினிக், பேரங்காடி வரிசை என்று போகிற இடமெல்லாம் இதே கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் படிக்கக் கொடுத்துவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டர் ஒட்டியிருப்பது வலது கண்ணில். அது நல்ல கண். ஊரே பரிதாபப்படுவது அந்தக் கண்ணைப் பார்த்துத்தான். திறந்திருக்கும் இடது கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்கு ஏதாவது தெரிகிறதா, இல்லையா என்பது இதை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நேரம் வரை எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் உறுதியாகத் தெரியாது.

நான் பண்டார் தெங்காரா பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியை. வீடு உலு திராமில். கணவர் சரவணனுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டாரில் பாலத்தைத் தாண்டிவிடுவார். வீட்டில் எங்களோடு மாமனார். எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரியை ஆயுசு முழுக்க ஓட்டி ஓய்ந்தவர். என் அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைக்கிற வேலை யார் தலையில் விழுந்தது என்று பின்னால் தெரியும்.

ஏழாம் மாதம் தொடங்கியிருந்த நேரம். வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். வெண்பலகையில் பூச்சி பறப்பது போல் கண்முன் புள்ளிகள் தெரிந்தன. இரண்டு நாளாகத் தலைவலி வேறு. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கர்ப்பிணிக்கு இதெல்லாம் சகஜம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் மிஸி இரத்த அழுத்தம் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னை வீட்டுக்கு விடவே இல்லை. எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

கர்ப்ப காலத்தில் அழுத்தம் இப்படித் தாறுமாறாக ஏறினால் தாய்க்கு வலிப்பு வரலாம், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகவேண்டிய இரத்தமும் குறையும். பிள்ளையை வெளியே எடுப்பதைத் தவிர மருந்து கிடையாது. ஜொகூர் பாரு அரசு மருத்துவமனையில் அன்றைக்கே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை விட எடை குறைவு. மகிழினி என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் சிவப்பாக ஒளிரும் ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று கணக்கெடுத்து, மேலே இருக்கும் திரையில் எண்ணாகக் காட்டும். எங்களுக்குப் புரிந்தது அந்த எண் ஒன்றுதான். மற்றதெல்லாம் கோடும் சத்தமும்.

நான் ஆசிரியை, அவர் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். எங்கள் இரண்டு பேருக்கும் எண் என்றால் அது கூடக் கூட நல்லது. எண்பத்தெட்டு என்றால் முகம் சுருங்கும். தொண்ணூற்றிரண்டு என்றால் பரவாயில்லை, முயற்சி செய்தால் இன்னும் வாங்கலாம் என்று மனம் சொல்லும். ஒரு நாள் மாலை, சரவணன் மழைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வேலையிலிருந்து நேராக வந்து நின்றபோது, எண் மெல்ல ஏறி நூறைத் தொட்டது. அவர் குதிக்காத குறைதான்.

“வாணி, பாரேன், நூறு! நூத்துக்கு நூறு!”

உடனே கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். சித்தப்பா கைதட்டினார், அத்தை சாமி படம் அனுப்பினார், கிள்ளானில் இருக்கும் மச்சான் “கெட்டிக்காரப் பிள்ளை, அம்மா மாதிரி” என்று எழுதினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குள் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மிஸி நோர் வேகமாக வந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தார், கருவியில் ஒரு திருகைப் பிடித்துக் குறைத்தார். நூறு தொண்ணூற்றெட்டாகி, தொண்ணூற்றாறாகி, தொண்ணூற்றுநாலில் வந்து நின்றது. சரவணனுக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாக ஏறியதை ஏன் இறக்குகிறீர்கள் என்று மலாயில் சண்டைக்கே போய்விட்டார்.

“சிக்கு, செராத்துஸ் தாக் பாகுஸ்,” என்றார் மிஸி நோர் என்னைப் பார்த்து. டீச்சர், நூறு நல்லதில்லை. என் தொழில் அவருக்குத் தெரியும். இத்தனை சின்னப் பிள்ளைக்குத் தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் இருந்தால் போதும், குறைந்தால் மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து, கூடினால் கண்ணுக்கு ஆபத்து என்று பொறுமையாக மலாயில் விளக்கினார். பக்கத்துப் பெட்டியில் இன்னொரு கருவி கத்தியது, போய்விட்டார்.

கண்ணுக்கு ஆபத்து என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். சரவணன் குழுவில் போட்ட படத்தை அழித்தார். அதற்குப் பிறகும் சித்தப்பா தினமும் “இன்னைக்கு நூறா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் எழுதத் தெம்பில்லாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இருந்தோம்.

வீட்டில் எனக்குப் பத்தியம் நடந்தது. மாமா அடுப்பைப் பிடித்துக்கொண்டார். பழைய தோட்டத்துச் சிநேகிதர்களின் மனைவிமார்களுக்குப் போன் போட்டு, பால் சுறாப் புட்டு எப்படிச் செய்வது, பூண்டுக் குழம்புக்கு எத்தனை பல் பூண்டு, எது சூடு, எது வாயு என்று கேட்டுக் கேட்டுச் சமைத்தார். ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தாளிப்பதில் அவருக்கு ஒரு முரட்டுத்தனம் உண்டு. எண்ணெயைப் புகைய விட்டு, கடுகை உயரத்திலிருந்து அள்ளிப் போடுவார். அது படபடவென்று வெடித்து அடுப்பு, சுவர், தரை எங்கும் சிதறும்.

“கடுகு வெடிச்சாதான் கொழம்பு லா. இல்லாட்டி அது வெறும் தண்ணி,” என்பார்.

வயிற்றில் தையலோடு குனிந்து பொறுக்கவும் முடியாது, காலில் குத்துவதைத் தாங்கவும் முடியாது. அந்த நாட்களில் எனக்கு யார் மீதெல்லாமோ வந்திருக்க வேண்டிய கோபம், அந்தக் கடுகு மீதுதான் வந்தது. “மாமா, தயவுசெஞ்சு மூடி போட்டுத் தாளிங்க,” என்று தினமும் சொன்னேன். அவரும் தினமும் சரி என்றார்.

பத்தியக்காரி ஒரு மாதம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். ஆனால் பால் எடுத்துக் கொண்டுபோக வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடலும் பிழைக்கும், கண்ணுக்கும் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள், வெளியே போனால் காற்று அடிக்கும், உடம்பு கெட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்குக் காலுறை, குளிர்ச்சட்டை, தலைக்குத் துணி, காதில் பஞ்சு. காரில் குளிர்சாதனம் கிடையாது, சன்னலும் திறக்கக் கூடாது. “வீட்ட வுட்டு வெளிய வரலன்னு நெனச்சுக்க. வீடு ரோட்டுல ஓடுது, அவ்ளோதான்,” என்றார். உலு திராமிலிருந்து அந்த நெரிசலில் நாங்கள் இருவரும் வேர்த்து ஊற்றியபடி தினமும் போய் வந்தோம்.

மருத்துவமனையில் பால் எடுக்கும் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது, அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மலாய்க்காரப் பெண், வயிற்றைச் சுற்றிக் கட்டிய நீளத் துணியோடு. இன்னொருவர் சீனப் பெண், சிவப்புப் பேரீச்சை போட்ட வெந்நீர்ப் புட்டியோடு. மூன்று பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தோம். மூன்று வீட்டிலும் ஒரே சட்டம், மூன்று பேரும் சட்டத்தை மீறி வந்தவர்கள். தலை குளித்துவிட்டேன் என்று சீனப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் நேற்று ஐஸ் மைலோ குடித்தேன் என்றாள் மலாய்க்காரி. தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம். அந்த மருத்துவமனையில் நான் சிரித்தது அந்த அறையில் மட்டும்தான்.

பிறந்து ஒரு மாதம் ஆனபோது கண் டாக்டர் வந்தார். டாக்டர் தர்ஷினி, ஈப்போக்காரர், என்னை விட வயது குறைந்தவர். கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, இமை மூடாமல் இருக்க ஒரு சின்னக் கம்பியை மாட்டி, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். மகிழினி கத்தினாள். அத்தனை சின்ன உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

பிறகு என்னையும் மாமாவையும் உட்காரவைத்து ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கண்ணின் உள்சுவரில் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. வெளிச்சம் அதில்தான் விழும். அதற்கு விழித்திரை என்று பெயர். அந்தத் திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நடுவிலிருந்து புறப்பட்டு ஓரம் வரை வளர வேண்டும். அந்த வேலை பத்தாம் மாதம் வரை வயிற்றுக்குள் நடக்கிற வேலை. என் மகள் வெளியே வந்த அன்று வேலை பாதியில் நின்றுவிட்டது. வயிற்றுக்குள் இருப்பதை விட வெளியே ஆக்சிஜன் அதிகம்; போதுமே என்று குழாய்கள் வளராமல் இருந்துவிடுகின்றன. ஆனால் திரை வளர்கிறது. சில வாரம் கழித்து, இரத்தம் எட்டாத ஓரப் பகுதி பசியில் தவிக்கிறது. அப்போது குழாய்கள் அவசர அவசரமாக, கண்ட திசையில், பலமில்லாமல் முளைக்கின்றன. அவை கசியும், தழும்பாகும், திரையைப் பிடித்து இழுக்கும். திரை பிய்ந்துவிட்டால் பார்வை போனது போனதுதான்.

“எல்லாக் கொறமாசப் பிள்ளைக்கும் இப்படி ஆகுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். ரொம்பப் பிள்ளைங்களுக்குத் தானா சரியாயிரும். எவ்ளோ சீக்கிரம் பொறந்திச்சோ, எவ்ளோ வெயிட் கம்மியோ, அவ்ளோ ரிஸ்க். அதுக்கு மேல கிருமி தொத்துறது, ரத்தம் ஏத்துறது, பொறந்த பிறகு வெயிட் சரியா ஏறாதது, ஆக்சிஜன் மேலயும் கீழயும் ஆடுறது. எல்லாம் சேர்ந்துதான்.”

என் மகளுக்கு நடுவில் ஒரு கிருமித் தொற்று வந்து போயிருந்தது. இரத்தமும் ஏற்றியிருந்தார்கள். எடை எறும்பு ஊர்வது போல்தான் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா இதில் பிடித்துக்கொண்டது எடை ஒன்றைத்தான். அன்று மாலையே பூண்டு இரண்டு மடங்கானது. பால் ஊறினால் எடை ஏறும், எடை ஏறினால் கண் பிழைக்கும் என்று அவர் கணக்கு. சட்டியில் கடுகும் இரண்டு மடங்கு வெடித்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் பார்த்தார்கள். ஐந்து கட்டத்தில் இது இரண்டாம் கட்டம் என்றார்கள், காத்திருப்போம் என்றார்கள். அடுத்த வாரமும் அதே. காத்திருப்பதில் ஒரு விதமான களைப்பு இருக்கிறது. ஒன்றும் செய்யாமலேயே உடம்பு அடித்துப்போட்டது போல் ஆகிவிடும். அரசு மருத்துவமனை என்பதால் பணத்தைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. எங்களிடம் தீர்ந்துகொண்டிருந்தது தெம்புதான். நானும் மாமாவும் காரில் பேச்சை நிறுத்திவிட்டோம். சரவணன் பாலத்து நெரிசலில் நின்றபடியே தூங்கிவிட்டதாக ஒரு நாள் சொன்னார். பின்னால் இருந்த மோட்டார்க்காரர் ஹார்ன் அடித்து எழுப்பினாராம்.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் தர்ஷினி பரிசோதனையை முடித்துவிட்டு, விளக்கைக் கழற்றாமலேயே என்னிடம் வந்தார்.

“டீச்சர், மூணாம் ஸ்டேஜ். ரெண்டு கண்ணும். ரத்தக் கொழாய் எல்லாம் தடிச்சு முறுக்கிக்கிட்டு இருக்கு. லேசர் செய்யணும்.”

“எப்ப டாக்டர்? அடுத்த வாரமா?”

“அடுத்த வாரம்னு ஒன்னு இல்ல டீச்சர். நாளைக்கு.”

பசியில் தவிக்கும் அந்த ஓரப் பகுதியை லேசர் ஒளியால் சுட்டுவிடுவார்கள். அது செத்துவிட்டால், இரத்தம் கேட்டுத் தவிக்காது; கண்டபடி குழாய் முளைப்பது நிற்கும். ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. மயக்க மருந்தை இந்த உடம்பு தாங்குமா என்பது தனிப் பயம். வலது கண் பிழைக்க வாய்ப்பு அதிகம், இடது கண்ணில் நிலைமை மோசம், இரண்டுக்கும் உறுதி கொடுக்க முடியாது என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுதியது போல் கோணலாக வந்தது.

சரவணன் அன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“டாக்டர், அன்னைக்கு நூறு போச்சே, அதனாலயா?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான் அந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“சார், ஒரு நிமிஷம் நூறு போனதால இது வராது. அந்த ஆக்சிஜன் இல்லாட்டி இவ இன்னைக்கு உசுரோட இல்ல. நீங்க ஒன்னும் செய்யல. மிஸி உடனே கொறச்சாங்கல்ல? அவங்க வேலய அவங்க செஞ்சாங்க. இவ சீக்கிரம் வந்துட்டா, அவ்ளோதான்.”

சரவணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அத்தனை வாரமாக அந்த மனுஷன் அந்த எண்ணை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய்வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன். மாமா மட்டும் கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேசர் முடிந்து வந்தபோது இரண்டு இமையும் வீங்கி மூடிக் கிடந்தன. மிஸி நோர் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து என் கையை உள்ளே விடச் சொன்னார். மகிழினி என் விரலைப் பிடித்தாள். அவள் பிடியில் பலம் இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை. எனக்குக் கண் வேண்டும். பிடியைக் கொண்டு நான் என்ன செய்ய?

வலது கண் அடங்கிவிட்டது. முறுக்கிக்கொண்டிருந்த குழாய்கள் சுருங்கின. இடது கண்ணிலும் அடங்கியது, ஆனால் அதற்குள் தழும்பு திரையின் நடுப்பகுதியைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துவிட்டிருந்தது. கூர்மையாகப் பார்ப்பதற்கான இடமே அந்த நடுப்பகுதிதான். பிய்ந்துபோகவில்லை, அதுவரைக்கும் நல்லது என்றார் டாக்டர். எவ்வளவு தெரியும் என்று கேட்டேன். அவள்தான் வளர்ந்து சொல்ல வேண்டும் என்றார்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மாமா வாசலில் சூடம் சுற்றிப் போட்டார். சொந்தக்காரர்கள் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்தாயிற்றா, மொட்டை எப்போது என்று கேட்டார்கள். பிறந்த நாளிலிருந்து எண்ணுவதா, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவதா என்று நான் திருப்பிக் கேட்டேன். குறைமாதப் பிள்ளைகளுக்கு இரண்டு வயது உண்டு. தவழவில்லையா, பேசவில்லையா என்று மற்றவர்கள் ஒரு கணக்கில் கேட்பார்கள். டாக்டர்கள் இன்னொரு கணக்கில் பதில் சொல்வார்கள்.

ஒரு வயது தாண்டியபின் டாக்டர் பிளாஸ்டரைக் கொடுத்தார். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். திறந்தே இருந்தால் மூளை சுலபமான கண்ணை மட்டும் நம்பிக்கொண்டு, கஷ்டமான கண்ணைக் கைவிட்டுவிடுமாம். எனக்கு இது நன்றாகவே புரிந்தது. வகுப்பில் கையைத் தூக்குகிற பிள்ளையையே கேட்டுக்கொண்டிருந்தால் பின்வரிசைப் பிள்ளை வாயே திறக்காது.

முதல் நாள் ஒட்டியதும் மகிழினி அலறினாள். முகத்தைப் பிறாண்டினாள், பிளாஸ்டரைப் பிய்த்தாள். டாக்டரிடம் சொன்னேன். நல்ல கண்ணை மூடும்போது பிள்ளை அழுகிறது என்றால் மற்ற கண்ணில் தெரிவது குறைவு என்று அர்த்தம் என்றார் அவர். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“டீச்சர், வீட்டுலயே ஒரு டெஸ்ட் வச்சுப் பாருங்க. பிளாஸ்டர ஒட்டிட்டு, தரையில சின்னதா ஏதாச்சும் போடுங்க. சத்தம் வரக்கூடாது, வாசனை வரக்கூடாது. அத அவ பாத்து எடுக்கிறாளான்னு கவனிங்க. மூணு மாசம் கழிச்சுச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து எங்கள் வீடு பரீட்சை மண்டபமாகிவிட்டது. மாமா முறுக்கை ஒடித்துப் போடுவார். டக்கென்று விழும் சத்தத்துக்கு அவள் திரும்புவாள், தடவி எடுப்பாள்.

“எடுத்துட்டா! வாணி, எடுத்துட்டா!”

“அது காது மாமா. கண்ணு இல்ல.”

சரவணன் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் ஆட்டுவார். அவள் எட்டிப் பிடிப்பாள். அது வாசனை, அதற்கும் மதிப்பெண் கிடையாது என்பேன். பொரியைச் சத்தமில்லாமல் வைத்தேன். அதன் மேலேயே தவழ்ந்து போனாள். முட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசி வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காப்பியடித்து வாங்குகிற மார்க்கை நான் வாழ்நாளில் ஒத்துக்கொண்டதில்லை, என் மகள் விஷயத்திலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. “நீ ரொம்பக் கண்டிப்பு வாணி,” என்றார் சரவணன் சலிப்போடு. இருக்கலாம். பொய்யாகச் சந்தோஷப்படுகிற தெம்பு என்னிடம் இல்லை. கல்யாண மண்டபத்தில் ரசம் கேட்டது அந்த நாட்களில்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு நிறுத்தி வைத்திருந்தேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. முடியவும் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை. சரவணன் வீட்டில் இருந்தார். மாமா காலையிலேயே மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, சமையலறை நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். உள்ளங்காலில் கடுகு குத்தியது. வெள்ளைத் தரைக்கல் முழுக்கக் கருப்புப் புள்ளிகள். “மாமா, எத்தன வாட்டி சொல்றது—” என்று தொடங்கினேன்.

மகிழினி சமையலறை வாசற்படியருகில் தவழ்ந்து வந்து உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் பிளாஸ்டர். அன்று அழவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்தைத் திருப்பி, தரையையே பார்த்தாள். இடம் மாறிப்போன திரையால் பார்க்கும் பிள்ளைகள் அப்படித்தான் தலையைச் சாய்ப்பார்கள் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருக்கிறார். ஒரு விரலை நீட்டினாள். விரல் கடுகுக்குப் பக்கத்தில் விழுந்தது. விரலைப் பின்னுக்கு இழுத்தாள், மறுபடி தலையைச் சாய்த்துப் பார்த்தாள், மறுபடி நீட்டினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. ஒற்றைக் கடுகு. அதை இடது கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய், பெரிய மனுஷி போல் ஆராய்ந்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், வாயில போடுது, எடு எடு,” என்று மாமா எழுந்தார்.

“விடுங்க மாமா,” என்றேன்.

மண்டியிட்டு உட்கார்ந்து, பிளாஸ்டரின் ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் இடைவெளி இல்லை. நன்றாக ஒட்டியிருந்தது. கடுகுக்கு வாசனை இல்லை. விழுந்து வெகு நேரமாகிவிட்டதால் சத்தமும் இல்லை.

“என்னா வாணி?” என்று கூடத்திலிருந்து ஓடிவந்தார் சரவணன். நான் பதில் சொல்வதற்குள் மகிழினி அடுத்த கடுகுக்குத் தலையைச் சாய்த்துவிட்டாள். அவரும் பார்த்தார். அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். கைப்பேசி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

மாமா சத்தம் போடாமல் அடுப்பு மேடைக்குப் போனார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். ஒரு சிட்டிகை கடுகை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா டீச்சர்?”

அதுவரை அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். குனிந்து, ஒவ்வொன்றாக, சத்தமே வராமல் வைத்தார்.

அன்று எங்கள் வீட்டில் சமையலறையை யாரும் கூட்டவில்லை.